மஞ்சள் தாளில் எழுதாதது

என் அண்ணன் எய்கில் படகுத்துறை ஏணியில் கால் வழுக்கி, கயிறு கட்டுகிற இரும்புக் கட்டை மேல் இடது விலா அடிபட விழுந்தது திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போனது புதன்கிழமை. நடுவில் செவ்வாய்க்கிழமை முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து வலையில் ஓட்டை அடைத்திருக்கிறான். புதன்கிழமை காலையில் பூட்ஸ் போடக் குனிய முடியவில்லை. அவன் பெண்டாட்டி டாக்னி ஒரு வார்த்தை பேசாமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கரையில் அதுதான் ஆம்புலன்ஸ்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் நாலாவது மாடிக்கு அவனைப் பார்க்கப் போனேன். பதினோரு மணிக்கு அதே ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கூட்டமும் இருந்தது. படுத்து எழுந்த நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு யோசனை சொல்கிற குழு. எட்டுப் பேரில் நான் ஒருத்தன். ஏழாம் வகுப்போடு நின்று, முப்பத்தொரு வருஷம் மீன்பிடிப் படகில் குடல் அள்ளிப்போட்டவனை டாக்டர்களுக்கு யோசனை சொல்லக் கூப்பிட்டதற்குக் காரணம் என் பித்தப்பை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அது வயிற்றுக்குள்ளேயே வெடித்தது. பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டாள். நியாயமாக யோசித்துப் பார்த்தேன். எங்கள் படகில் கயிறு சுற்றுகிற இயந்திரம் ஒருத்தன் கையைத் தோளோடு பிய்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது பத்து. அதோடு வைத்துப் பார்த்தால் என்னுடையது இரண்டு. இரண்டு என்றேன். அவளும் இரண்டு என்று எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்தாள். மறுநாள் நினைவு தப்பின என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பதினொரு நாள் கழித்துத்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

பிழைத்த பிறகு, அறுவைப் பிரிவின் தலைமை டாக்டரம்மா உல்லா என் சிகிச்சைக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஏன் ரெண்டுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். பிய்ந்த கையைப் பற்றிச் சொன்னேன். அப்புறம், "நீங்க எங்க குழுவுக்கு வரணும், வெர்னர்" என்றார்.

குழுவில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று, மஞ்சள் தாள். அதை நானும் குழுவில் இருந்த கெர்டாவும் சேர்ந்து கொண்டுவந்தோம். கெர்டாவின் புருஷன் "பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனவர். ஏதோ சரியில்லை என்று அவளுக்கு நாலு நாளாகத் தெரிந்திருக்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை. ஆளைக் கேட்டால் பொய்தான் சொல்வான், வீட்டாரைக் கேளுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. தாளில் ஒரே கேள்வி: "உங்கள் ஆளைப் பார்த்தால் உங்களுக்குக் கவலையாக இருக்கிறதா? எதனால்?" கவலை என்று யாராவது எழுதிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் ஒரு டாக்டர் வந்து பார்த்தாக வேண்டும். நாலாவது மாடியில் மூன்று மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் முடிந்திருந்தது. தொடரலாமா, குப்பையில் போடலாமா என்று முடிவு செய்யத்தான் அன்றைக்குக் கூட்டம்.

எய்கில் தலையணையில் சாயாமல், முதுகைத் தூண் மாதிரி வைத்து உட்கார்ந்திருந்தான். டாக்னி ஜன்னல் பக்கம் நாற்காலியில், மேல்கோட்டைக் கழற்றாமல்.

"வந்துட்டாருய்யா பெரிய டாக்டர்," என்றான் என்னைப் பார்த்து. "வெள்ளைக் கோட்டு எங்கடா?"

"துவைக்கப் போட்டிருக்கு. எப்படி இருக்க?"

"ரெண்டு விலா விரிசல் விட்டிருக்காம். அதுக்குப் போயி கட்டில், ஊசி, இந்தச் சட்டை. பின்னாடி திறந்து கிடக்குது பாரு. நேத்து ஸ்கேன் எடுத்து ஒண்ணும் இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு வெச்சிருக்காங்கன்னு தெரியல. வயசு அறுபத்தேழாம். அது எனக்குத் தெரியாதா?"

"வலி?"

"ரெண்டு."

நாக்கு அப்படியே எங்கள் அப்பன் மாதிரி. ஆனால் முகம் சரியில்லை. வெயிலும் உப்புக்காற்றும் பட்டுச் சிவந்துபோன முகம் அவனுக்கு; அன்றைக்கு ஈரச் சிமெண்ட் மாதிரி இருந்தது. பக்கத்து மேஜையில் காபி ஆறி ஏடு கட்டிக் கிடந்தது. அவன் காபியை ஆறவிட்டு நான் பார்த்ததில்லை. படகில் அலை மேலே அடித்துக்கொண்டிருக்கும்போதும் கோப்பையைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பான். அடிபட்டது விலாவில், ஆனால் கை அடிக்கடி இடது தோளுக்குப் போய்ப் போய் வந்தது.

நர்ஸ் ரிக்கே உள்ளே வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். எய்கில், "ரொம்ப நன்றி" என்றான். அவள் தலையணையைச் சரிசெய்தாள். மறுபடி, "ரொம்ப நன்றி" என்றான். அறுபத்தைந்து வருஷத்தில் என் அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது, எனக்குத் தெரிந்து, எங்கள் அம்மாவைப் புதைத்த அன்றைக்குப் பாதிரியாரிடம் ஒரு தடவை.

ரிக்கே என் கையில் மஞ்சள் தாளைக் கொடுத்தாள். "நீங்களே கொண்டுவந்த தாளு, வெர்னர். நீங்களே நிரப்பிடுங்க. டாக்னி மாட்டேன்னுட்டாங்க."

டாக்னி ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவைத் திறந்தேன். எய்கில் என்னையே பார்த்தான்.

"என்னடா எழுதப்போற?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ஒண்ணும் இல்லன்னு எழுது."

இதை எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தன் வலி அவனுடையது. அதைப் பற்றி அவன் முன்னால் இன்னொருத்தன் வாயைத் திறப்பது, ஊர் நடுவில் அவன் கால்சட்டையை உருவுகிற மாதிரி. படகில் ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்திருப்போம். ஒருத்தன் விரல் சீழ் வைத்து வீங்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அவனாகச் சொல்லும் வரைக்கும் எவனும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான். மரியாதை அது. அப்படியொரு மரியாதையில் எங்கள் சித்தப்பா ஒருத்தருக்குக் கையே போயிருக்கிறது.

எல்லாம் தெரிந்துதான் அந்தத் தாளைக் கொண்டுவந்தேன். இந்த வழக்கத்தை உடைக்கத்தான் கொண்டுவந்தேன். மூன்று மாதமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் மேஜையைத் தட்டிப் பேசினவன் நான். இப்போது என் அண்ணன் பார்க்கிறான், நான் என்ன எழுதினேன் தெரியுமா? "விசேஷம் ஒன்றும் இல்லை." கையெழுத்தும் போட்டேன். ரிக்கே வாங்கிக்கொண்டு போனாள்.

"அவ்வளவுதான்" என்றான் எய்கில், கண்ணை மூடிக்கொண்டு.

கூட்டம் கீழ்த்தளத்தில். மேஜையில் வழக்கம் போல காபிக் குடுவை, லவங்கப்பட்டை தூவிய ரொட்டிச் சுருள். கெர்டா எனக்கு ஒன்றைத் தட்டில் வைத்தாள். தொடவில்லை.

உல்லா நேராக விஷயத்துக்கு வந்தார். மூன்று மாதத்தில் நாற்பத்தாறு தாள். அதில் முப்பத்தெட்டில் எழுதியிருந்தது ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கார், விசேஷம் இல்லை.

"நர்ஸுங்க என்ன சொல்றாங்கன்னா, இது நேரத்தைத் தின்னுது. குடும்பத்துக்காரங்க வாங்கிக்கிறாங்க, இல்லன்னு எழுதிக் குடுத்துடறாங்க. இன்னிக்கிக் காலைல வந்ததும் அப்படித்தான்." அவர் தாள்கட்டின் மேலே இருந்ததை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒருவேளை நாமதான் இல்லாத கவலையைத் தேடறோமோ என்னவோ. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நிறுத்திடலாம்னு தோணுது."

"அப்ப நம்ம ஊருல எவனுக்கும் கவலையே கிடையாது," என்றாள் கெர்டா. "நான் ஒருத்திதான் பைத்தியம்."

"அப்படிச் சொல்லல, கெர்டா."

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

மேலே இருந்த தாளில் இருந்தது என் கையெழுத்து. கோணல் மாணலாக, மீன்பெட்டியில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப் பழகின எழுத்து. எல்லோரும் அதைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாடி மேலே என்று தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது. இல்லை, நாலு மாடி. அங்கே என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், நன்றி சொல்லிக்கொண்டு. இந்தத் தாள் இருக்கிற வரைக்கும் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் என்னோடு பேசுவான், ஆனால் எத்தனை நாளைக்கு?

"அது பொய்" என்றேன்.

உல்லா திரும்பினார். "எது?"

"மேல இருக்கிற தாளு. நான் எழுதினது. என் அண்ணன் நாலாவது மாடில இருக்கான். பொய் எழுதிட்டேன்."

கெர்டா, "அட நாசமாப் போறவனே" என்றாள், சத்தமில்லாமல்.

"உங்களுக்குக் கவலையா இருக்கா, வெர்னர்?" என்று கேட்டார் உல்லா.

அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போதும் வரவில்லை. நானே தேர்ந்தெடுத்துப் போட்ட வார்த்தை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார்.

"சரி, அது இருக்கட்டும். வழக்கமா செய்யாதது எதையாவது இன்னிக்கு அவர் செஞ்சாரா?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கொட்டினேன். காபியை ஆறவிட்டான். நர்ஸுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னான். தலையணையில் சாய மாட்டேன் என்கிறான். இடது தோளைப் பிடித்துப் பிடித்துவிடுகிறான், அங்கே அடியே படவில்லை. வாய் என்னை வம்புக்கு இழுக்கிறது, ஆனால் கண் இழுக்கவில்லை.

தோள் என்றதும் உல்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "விழுந்தது எந்தப் பக்கம்?"

"இடது."

"ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறாரா?"

"வருஷக்கணக்கா."

"அந்த மாத்திரை நாடியை ஓட விடாது. உள்ள என்ன நடந்தாலும் எங்க எண்ணெல்லாம் நல்லாத்தான் காட்டும்." இதைச் சொல்லும்போதே எழுந்து கதவைத் திறந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷி, மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். இரண்டாவது மாடியில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் போய்விட்டார்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவன் வயிற்றில் பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் எனக்கு எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது. கறுப்பாகத் தெரிந்ததுதான் தப்பு என்று அப்புறம் தெரிந்தது. அது ரத்தம்.

எய்கில் கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்தான். "நீயா?" என்றான்.

"நான்தான்."

"வெளிய வந்து உன்கிட்டப் பேசிக்கறேன்."

"வெளிய வா, பேசு."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பன்னிரண்டு மணியிலிருந்து நானும் டாக்னியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். டாக்னி மீன் பதனிடுகிற ஆலையில் இருபத்தாறு வருஷம் நின்றவள். காத்திருக்கத் தெரியும். அவள் கையில் இருந்த கையுறையை விரல் விரலாக இழுத்து, திரும்பப் போட்டு, திரும்ப இழுத்தாள். கெர்டா கீழேயிருந்து ரொட்டித் தட்டையும் காபியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள்.

ரொம்ப நேரம் கழித்து டாக்னி கேட்டாள். "நீதான் சொன்னியா?"

"ஆமா."

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதல?"

"நீ எழுதினியா?" என்றாள். அவளே மேலே பேசினாள். "அந்தப் பொண்ணு அவன் மூக்குக்கு நேரா தாளை நீட்டுறா. உங்க புருஷனைப் பத்திக் கவலையான்னு கேக்கறா. அவன் பாத்துட்டிருக்கான். நாப்பத்திரண்டு வருஷம் அந்த ஆளோட வாழ்ந்திருக்கேன், வெர்னர். என்னத்தை எழுதச் சொல்ற? அவளே வெளிய கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அது கூடத் தெரியாமலா தாளைப் போட்டீங்க?"

எட்டுப் பேர், மூன்று மாதம், நாற்பத்தாறு தாள். இந்த ஒரு விஷயம் எங்கள் எவனுக்கும் தோன்றவில்லை. நான் ரொட்டிச் சுருளை எடுத்துக் கடித்தேன். தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

மூன்றே கால் மணிக்கு உல்லா வந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் முகமூடி. அவர் நடையிலேயே தெரிந்துவிட்டது. கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள் அவ்வளவு வேகமாக நடக்க மாட்டார்கள்.

"மண்ணீரல் கிழிஞ்சிருந்தது," என்றார். "விழுந்தப்பவே லேசா கீறியிருக்கு. அதுல ரத்தம் மெல்லக் கட்டி, இன்னிக்குக் காலைல உடைஞ்சுபோச்சு. எடுத்துட்டோம். அது இல்லாம வாழலாம், சில தடுப்பூசி போட்டுக்கணும், அவ்வளவுதான். வயித்துக்குள்ள ரெண்டு லிட்டருக்குக் கிட்ட ரத்தம். அது மேல உரசினதாலதான் தோள்ல வலிச்சிருக்கு. ஆனா நல்லா இருக்கார். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

"ரெண்டு லிட்டரா?" என்றாள் டாக்னி.

"கிட்டத்தட்ட."

"அப்ப அவன் பொய் சொல்லல. வலி ரெண்டுன்னு லிட்டர் கணக்கைத்தான் சொல்லியிருக்கான்."

உல்லாவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. டாக்னிதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். டாக்னி மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அப்புறம் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, இருந்த ரொட்டிச் சுருளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்த்தாள். எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

குழு மறுநாள் காலையில் கூடியது. இதற்காகத் தனியாக. மஞ்சள் தாளை நிறுத்துவதில்லை என்று முடிவாயிற்று. இரண்டு மாற்றம். ஒன்று, கேள்வியைக் கட்டில் பக்கத்தில் கேட்கக் கூடாது. வீட்டாரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். இரண்டு, கவலை என்ற வார்த்தையே வேண்டாம். "வழக்கமா செய்யாதது எதையாவது இன்னிக்கு செஞ்சாரா?" என்று மட்டும் கேட்க வேண்டும், உல்லா என்னைக் கேட்ட மாதிரி. கெர்டா இன்னொன்றும் சேர்க்கச் சொன்னாள். வீட்டார் எழுத வேண்டாம், சொன்னால் போதும், நர்ஸ் எழுதிக்கொள்ளட்டும். "நம்ம ஆளுங்க கையெழுத்துப் போடச் சொன்னாலே கோர்ட்டுக்கு வந்த மாதிரி பயப்படுவாங்க" என்றாள். உல்லா மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொண்டார். அவர் நர்ஸுகளிடம் இதையெல்லாம் சொல்லச் சொல்ல எப்படியும் இன்னும் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். இருக்கட்டும்.

மத்தியானம் மேலே போனேன். எய்கில் உடம்பில் மூன்று குழாய். தலையணையில் சாய்ந்து கிடந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியாமே."

"ஏழு பேரு. ஒரு டாக்டரு."

"என் மானத்தை வாங்கிட்ட."

"வாங்கிட்டேன்."

"துறைமுகத்துல எவன்கிட்டயாவது சொன்னியோ, தொலைச்சுடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

அவன் திரும்பவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. டாக்னி அவன் சட்டைகளை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிக்கே கதவருகில் வந்து நின்றாள். கையில் தாள் எதுவும் தெரியவில்லை. "டாக்னி, ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?" என்றாள்.

டாக்னி கையில் இருந்த சட்டையை வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவள் குரல் ஆரம்பித்தது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஆலை இயந்திரத்தைத் தாண்டிப் பேசிப் பழகின குரல். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

"அப்படி என்னத்தைப் பேசறா இவ்வளவு நேரம்?" என்றான் எய்கில், சுவரைப் பார்த்தபடி.

"உன்னைப் பத்தித்தான்."

"நாப்பத்திரண்டு வருஷத்துல என்கிட்டயே இவ்வளவு பேசினதில்ல."

"நீ கேட்டியா?"

கதவு கொஞ்சமாகத் திறந்தது. ரிக்கே தலையை நீட்டினாள். முகம் சிவந்திருந்தது, காதுக்குப் பின்னால் பேனா. "வெர்னர், அந்த மேஜையில வெத்துத் தாள் இருக்கும். ரெண்டு எடுத்துக் குடுங்களேன்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.